உபாத்தியாயர்களுக்கு உதவியும் வியாபாரமும்

உபாத்தியாயர் படும் பாடு யாவரும் அறிந்ததே. பாடம் சொல்லுவது அவருடைய வேலையில் ஒரு பாகந்தான். வீட்டுப் பாடம் கொடுப்பதும், அதைத் திரும்ப வாங்கித் திருத்துவதும், மார்க் பதிவதும், பெற்றோருக்குச் சொல்லியனுப்புவதும் மிச்சப் பொழுதை விழுங்கிவிடுகின்றன. இந்தச் சுமையைக் கணினியின் உதவியால் குறைத்துத் தருவதாகக் கூறி வாலிபர் பலர் கம்பெனி ஸ்தாபிக்க முன்வருகின்றனர். முயற்சி மெச்சத்தக்கதே. ஆயினும், அக்கம்பெனி எவருடைய பணத்தில் வளர்கிறது, பிற்பாடு எவர் கைக்குப் போகிறது என்பதை விசாரியாமல் பள்ளிக்கூடங்களை அதன் வசம் ஒப்புவிப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு எட்மோடோ என்ற அமெரிக்கக் கம்பெனியின் சரித்திரம் தக்க சாட்சியாகும்.

இல்லினாய் மாகாணத்துப் பள்ளிகளில் கணினிப் பொறுப்பு வகித்த ஜெஃப் ஓஹாரா, நிக் போர்க் என்னும் இருவர் 2008-ம் வருஷத்தில் அதைத் தொடங்கினார்கள். மாணவர்கள் பழகும் வலைத்தளங்களைப் பள்ளிகள் தடுத்துவந்த காலம் அது. வெளியார் புகாத தனி அறைபோல ஒன்றை அமைத்து, உபாத்தியாயர் பாடம் அனுப்பவும் பிள்ளைகள் விடை எழுதவும் வழிசெய்தனர். கட்டணமில்லை. ஒரு உபாத்தியாயர் சொல்ல மற்றொருவர் சேர, கோடிக்கணக்கானவர் சேர்ந்தனர். கட்டணம் கொடாதவர்களைக் கொண்டு வியாபாரம் எப்படி நடக்கும்? முதல் போட்டவர்கள் லாபம் கேளாமல் இருப்பார்களா? விளம்பரம் நுழைந்தது. 2017-ல் 7 கோடியே 70 லட்சம் கணக்குகளின் விவரங்கள் களவு போயின. 2018-ல் சீனாவில் கணினி விளையாட்டுகளை வைத்து வியாபாரம் செய்யும் நெட்டிராகன் கம்பெனி 13 கோடியே 75 லட்சம் டாலர் மதிப்பில் இதை வாங்கிற்று.

2020-ல் கொள்ளை நோயினால் பள்ளிகள் மூடப்பட்டபோது எகிப்து சர்க்கார் தன் தேசத்துப் பள்ளிகளுக்கு இந்த எட்மோடோவையே ஏற்றது. அவசர காலத்தில் செய்ததைக் குறைகூற நாம் முற்படவில்லை. ஆனால் 2022 செப்டம்பர் 22-ந் தேதி அக்கம்பெனி தன் தளத்தை அடியோடு மூடிவிட்டது. உபாத்தியாயர்கள் வருஷக்கணக்காய்ச் சேர்த்த பாடங்களை எடுத்துக்கொண்டு வேறிடம் தேட நேர்ந்தது.

அதன் பிறகு வெளிவந்த செய்தியே மிகவும் கவனிக்கத்தக்கது. பெற்றோரின் சம்மதமின்றிச் சிறுவர்களின் விவரங்களைச் சேகரித்து விளம்பரத்துக்கு உபயோகித்ததாக அமெரிக்க வர்த்தகக் கமிஷன் 2023 மே மாதத்தில் குற்றஞ்சாட்டிற்று. சம்மதம் பெறும் சட்டக் கடமையைக் கம்பெனி தன் நிபந்தனைப் பத்திரத்தின் மூலம் பள்ளிகள் தலையிலும் உபாத்தியாயர் தலையிலும் கட்டிவிட்டிருந்தது என்பது கமிஷனின் கூற்று. சுமையைக் குறைப்பதாக வந்தவர்கள் தங்கள் சட்டப் பொறுப்பையும் அச்சுமையின்மேல் ஏற்றிவிட்டார்கள்! அபராதம் 60 லட்சம் டாலர். கம்பெனியிடம் செலுத்தப் பணமில்லையாதலால் அதுவும் நிறுத்திவைக்கப்பட்டது.

வேறு வழியே இல்லையென்று சொல்லுவதற்கில்லை. ஆஸ்திரேலியாவின் பாலைப் பிரதேசத்தில் வளர்ந்து, ரேடியோ மூலம் பாடம் கேட்ட மார்ட்டின் டூகியாமஸ் என்பவர் மூடில் என்ற மென்பொருளின் முதற் பதிப்பை 2002-ல் வெளியிட்டார். அதன் மூலநிரலை எவரும் பெற்றுத் தம் சொந்தக் கணினியில் நடத்தலாம். நடத்த உதவும் கம்பெனிகள் கட்டணம் வாங்கி, அதில் ஒரு பங்கை அவருடைய ஸ்தாபனத்துக்குக் கொடுக்கின்றன, அதுவும் வியாபாரமே. பம்பாய் ஐ.ஐ.டி. முதலிய நம் நாட்டுக் கல்விச்சாலைகள் இதை உபயோகித்து வந்திருக்கின்றன. விஷயம் தெரிந்த ஆள் ஒருவர் உடனிருந்து பராமரிக்க வேண்டுமென்பது மெய். சிறு பள்ளிகளுக்கு அது எளிதல்ல. எனினும், உண்டாக்கியவர் நாளைக்கே கடையைக் கட்டினாலும் பள்ளியிலுள்ள பிரதி பள்ளியிலேயே இருக்கும்.

நம் தேசத்தில் 2023-ல் நிறைவேறிய தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதவர்களின் விவரங்களுக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டுமென்றும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்யலாகாதென்றும் விதிக்கிறது. கம்பெனி மூடிவிட்டால் உபாத்தியாயர் எழுதிவைத்த பாடங்களின் கதி என்ன என்பதை அச்சட்டம் தொடவில்லை. அதைப் பள்ளி நிர்வாகிகளும் கல்வி இலாகாவும் ஒப்பந்தத்தில்தான் எழுதி வாங்க வேண்டும். கையெழுத்திட்ட பிறகு கேட்டால் எந்தக் கம்பெனியும் எழுதித் தராது.