பச்சை தெரிகிறது, பாதாளம் தெரியவில்லை!

தோழனே!

வானில் வலம்வரும் செயற்கைக்கோளையே சாட்சிக் கூண்டில் ஏற்றிவிட்டார்கள் சிலர். "பூமி சூடேறினால் என்ன குடி முழுகிவிட்டது? கரியமில வாயு பயிருக்கு உணவு! நாடு பசுமை பூத்துக் குலுங்குகிறது, படத்தைப் பார்!" என்று பரணி பாடுகிறார்கள்.

படம் பொய்யல்ல. நாசாவின் செயற்கைக்கோள் தரவுகளைக் கொண்டு 2019இல் வெளியான ஆய்வு, உலகின் பசுமைப் பெருக்கத்தில் சீனாவும் இந்தியாவும் முன்னணியில் நிற்பதாகத்தான் கூறிற்று. ஆனால் அதே ஆய்வு கூறிய மற்றொன்றை ஏன் மென்று விழுங்குகிறார்கள்? இந்தியாவில் பெருகிய பசுமையில் 82 விழுக்காடு காடல்ல, கழனி!

தென்காசிக்கு வா. கீழப்பாவூரிலும் ஆலங்குளத்திலும் கத்தரியும் வெண்டையும் வெங்காயமும் பச்சைப் பட்டு விரித்திருக்கும். விரித்தது வானமா? இல்லை, ஆழ்குழாய்க் கிணறு! இலையைக் காணும் கருவிக்கு வேரின் அடியில் நீர் எத்தனை அடி இறங்கிற்று என்பது தெரியாது. உழவனுக்குத் தெரியும், கடன் பத்திரத்தில் கையெழுத்திட்டவன் அல்லவா அவன்!

கரியமில வாயு மிகுந்தால் இலை தழைக்கும், ஒப்புக்கொள்வோம். வெப்பம் மிகுந்தால் காற்றின் தாகமும் மிகுமே! மண்ணின் ஈரத்தையும் இலையின் ஈரத்தையும் அது குடிக்குமே! இரவின் வெப்பம் 1 பாகை ஏறினால் நெல் விளைச்சல் 10 விழுக்காடு குறைகிறது என்று, தன் வயலிலேயே அளந்து 2004இல் அறிவித்தது பிலிப்பைன்ஸிலுள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம். தழை வளர்ந்து என்ன பயன், கதிர் பதரானால்?

இனி, குற்றாலம். சாரல் என்றாலே நமக்குச் சிலிர்ப்பு. பூவாய்த் தூவும் அந்த மழையைச் சருகும் வேரும் உறிஞ்சிவைத்துச் சிறுகச் சிறுகச் சிற்றாற்றுக்கு அளந்து கொடுக்கின்றன. ஆனால் 1 பாகை சூடேறிய காற்று ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதலாக நீராவியைச் சுமக்கிறது. சுமந்ததை ஒரேயடியாகக் கொட்டுகிறது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர்! 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீர் வெள்ளம். பதினேழு வயதுப் பிள்ளையைப் பிணமாகத் தந்தது. ஒரு நாள் வெள்ளத்தை வைத்து வழக்கை முடித்துவிடலாகாது. ஆயினும் இத்தகைய நாட்கள் பெருகும் என்பதே அறிவியலின் எச்சரிக்கை.

கொட்டுவதை எங்கே தேக்குவது? குண்டாறு அணையின் உயரம் 36 அடி! காடுதான் நமது பேரணை. அந்தப் பேரணையின் அடிவாரத்தில்தான் பாறை பிளக்கிறார்கள். புளியரை வழியே கல்லும் மணலும் எல்லை தாண்டிப் போவது ஊரறிந்த செய்தி. மலையை விற்றவன் மழைக்கு வேள்வி செய்வான்! 2019 கோடையில் அறநிலையத்துறையே ஆலயந்தோறும் வேள்வி நடத்தச் சொன்னதை மறந்துவிட்டாயா? வருணன் காதில் ஓதிய வாய், குவாரி முதலாளியின் காதில் ஒரு சொல் ஓதிற்றா?

செயற்கைக்கோள் படத்தோடு அவர்கள் உன் ஊர் மேடைக்கும் வருவார்கள். பாவூர்சத்திரத்துக் காய்கறிச் சந்தைக்கு வண்டி ஓட்டிவரும் உழவர் ஒருவரை அழைத்துப் பக்கத்தில் உட்காரவை. அவர் கிணறு பத்தாண்டுக்கு முன் எத்தனை அடி, இன்று எத்தனை அடி? கூட்டத்தின் நடுவே அவரே சொல்லட்டும்.