கைத்திறனும் நெஞ்சுறுதியும்

தொண்டு செய்ய நல்ல மனமொன்றே போதும் என்பார் உளர். யாம் உடன்படோம். மேகமலை அமைந்த தேனி மாவட்டத்திலே, போடியை அடுத்த குரங்கணி மலையில், 2018 மார்ச் 11 அன்று காட்டுத்தீ மூண்டது. மலையேறச் சென்றோருள் 20-க்கு மேற்பட்டோர் மாண்டனர். அருகிலிருந்த ஊரார் உதவிக்கு ஓடினர். கழியும் போர்வையுங் கொண்டு டோலி கட்டவோ, தீப்புண்ணுக்கு முதலுதவி செய்யவோ அறியாத மாணவன் அவர்களுடன் சென்று என் செய்வான்? கை பழகிய செயலில் நெஞ்சு நடுங்குவதில்லை.

1969-இல் தோன்றிய நாட்டு நலப்பணித் திட்டம், ஈராண்டில் 240 மணி நேரத் தொண்டும் ஏழுநாள் முகாமும் வகுத்துள்ளது. அவ்வேழு நாட்களையும் சொற்பொழிவிலும் முற்றம் பெருக்குவதிலும் கழித்தல் தகுமோ? தோழர்காள், சின்னமனூரை அடுத்த மேகமலை அடிவாரத்தில் முகாம் அமைத்து, வனத்துறையாரிடம் தீத்தடுப்புக் கோடு வெட்டவும், ஊராரிடம் டோலி கட்டவும் கற்போமாக.