சிறு கடைகளின் களவும் பொலிஸாரின் கடமையும்

நாட்டின் எப்பகுதியிலாயினும் சிறு கடையொன்றை நடத்துபவரிடம் சற்று நேரம் உரையாடினால், பொருட்களின் விலையேற்றத்துக்கு அடுத்ததாக அவர் கூறும் குறை களவாகவே இருக்கும். பால்மாப் பொதி, சவர்க்காரம், மீள்நிரப்பு அட்டைகள், காசுப்பெட்டியில் இருந்த அன்றைய வருமானம் என்று பட்டியல் நீளும். பொலிஸில் முறையிட்டீர்களா எனக் கேட்டால், 'முறையிட்டு என்ன பயன்?' என்ற கேள்வியே பதிலாகக் கிடைக்கும். களவு போன பொருளின் பெறுமதியைக் காட்டிலும் கவலைக்குரியது இந்த நம்பிக்கையின்மையே ஆகும்.

தண்டனைச் சட்டக்கோவையின் 367 ஆவது பிரிவின் கீழ் களவுக்கு மூன்று வருடங்கள் வரை சிறைத்தண்டனை விதிக்க முடியும். குற்றம் பற்றி வாய்மூலம் தெரிவிக்கப்படும் தகவலைப் பொலிஸார் எழுத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை கூறுகின்றது. ஆகவே சட்டத்தில் குறையில்லை. குறை இருப்பது அது நடைமுறைப்படுத்தப்படும் விதத்தில்தான்.

முறைப்பாடு செய்யச் செல்லும் வர்த்தகர் கடையைப் பூட்டிவிட்டே செல்ல வேண்டும். பொறுப்பதிகாரி வெளியே சென்றிருந்தால் அவர் வரும்வரை காத்திருக்க வேண்டும். பின்னர் வழக்கு நடைபெறுமாயின் ஒவ்வொரு தவணைக்கும் நீதிமன்றம் செல்ல வேண்டும். மீட்கப்பட்ட பொருள்கூடச் சான்றுப்பொருளாக மாதக்கணக்கில் முடங்கிக் கிடக்கும். இரண்டாயிரம் ரூபாப் பொருளுக்காகப் பத்தாயிரம் ரூபா வியாபாரத்தை இழக்க எவர்தான் துணிவார்?

தமிழ் பேசும் வர்த்தகர்களுக்கு மொழியும் ஒரு தடையாகின்றது. சிங்களம் நிர்வாக மொழியாகவுள்ள பிரதேசத்திலும் அரச அலுவலர்களுடன் தமிழில் கருமமாற்றும் உரிமையை அரசியலமைப்பின் 22 ஆவது உறுப்புரை வழங்குகின்றது. எனினும், தாம் தமிழில் சொன்னது சிங்களத்தில் எழுதப்பட, அதில் என்ன இருக்கின்றது என்று அறியாமலே கையொப்பமிட்டுத் திரும்புவோர் இன்றும் உள்ளனர். தான் வாசிக்க முடியாத முறைப்பாட்டின்மீது ஒருவருக்கு எவ்வாறு நம்பிக்கை பிறக்கும்? அளுத்கமையில் 2014 இலும், திகனையில் 2018 இலும், மினுவாங்கொடையில் 2019 இலும் முஸ்லிம்களின் கடைகள் தாக்கப்பட்டும் எரிக்கப்பட்டும் போனபோது பாதுகாப்புத் தரப்பினர் உரிய வேளையில் தடுக்கவில்லை என்ற மனக்காயமும் இன்னும் ஆறவில்லை. கடைக்களவை இனவன்முறையுடன் ஒப்பிட முடியாதுதான். ஆனால், பெரிய ஆபத்தின்போது கைவிடப்பட்டவர் சிறிய இழப்புக்காகப் பொலிஸ் நிலையத்தின் படியேறத் தயங்குவதில் வியப்பில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. களவு விடயத்தில் பொலிஸார் எப்போதும் அசட்டையாக இருப்பதாகக் கூறிவிட முடியாது. முறைப்பாட்டாளர் செல்வாக்குள்ளவராகவும் சந்தேகநபர் வறியவராகவும் இருக்கும்போது அவர்களது வேகம் வேறாக இருக்கின்றது. நகை களவு தொடர்பான முறைப்பாட்டின் பேரில் கைது செய்யப்பட்ட மலையகத்தைச் சேர்ந்த வீட்டுப் பணிப்பெண் ஒருவர், 2023 மே மாதம் வெலிக்கடைப் பொலிஸ் காவலில் இருக்கையில் உயிரிழந்தார். அதே ஆண்டு நவம்பரில், களவுச் சந்தேகத்தில் வட்டுக்கோட்டைப் பொலிஸாரால் கைதான இளைஞரொருவர் மரணமானார். தாம் சித்திரவதை செய்யப்பட்டதாக இறப்பதற்கு முன் அவர் கூறிய காணொளி நாட்டையே உலுக்கியது. 'ஏழை சொல் அம்பலம் ஏறாது' என்பார்கள். இங்கு முறைப்பாட்டாளராக வரும் ஏழையின் சொல்லும் ஏறுவதில்லை, சந்தேகநபராக நிற்கும் ஏழையின் சொல்லும் ஏறுவதில்லை.

அசட்டையும் அடி உதையும் ஒன்றுக்கொன்று எதிரானவை போலத் தோன்றினும் இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். விசாரணை செய்யும் ஆற்றலும் அதற்கான பொறுமையும் இல்லாத இடத்தில், முறைப்பாடு ஒன்றில் கிடப்பில் போடப்படும் அல்லது அடித்து வாங்கிய வாக்குமூலத்துடன் முடிக்கப்படும். கமராப் பதிவைப் பெறுவது, அயலவரை விசாரிப்பது, களவுப் பொருளை மலிவு விலைக்கு வாங்குபவர் யாரெனத் தேடுவது ஆகியனவே அக்கறையின் அடையாளங்களாகும்.

பொலிஸார் செய்யத் தவறுவதை மக்கள் தம் கையில் எடுப்பதும் ஆபத்தானதே. 2023 இல் பொரலஸ்கமுவவிலுள்ள சுப்பர் மார்க்கெட் ஒன்றில், களவு செய்ததாகக் கூறி ஒரு பெண்ணை ஊழியர்கள் தாக்கிய காணொளி வெளியானதையடுத்து, தாக்கியவர்களே கைதாக நேர்ந்தது. கமராவில் பதிவான முகத்தைச் சமூக ஊடகங்களில் போட்டு ஒருவரைக் கள்வனெனத் தீர்ப்பளிப்பதும் இதே வழியில்தான் செல்கின்றது. ஆள் மாறினால் அந்த அவமானத்துக்கு யார் ஈடு செய்வது?

பணவீக்கம் 2022 செப்டெம்பரில் எழுபது சதவீதத்தை நெருங்கியதை நாம் மறந்துவிடவில்லை. பசிக்காக ஒரு பொதியை எடுத்தவரையும், திட்டமிட்டுக் கூரை பிரித்து இறங்கும் கும்பலையும் ஒரே தராசில் நிறுக்க முடியாது. முன்னவருக்கு 1999 ஆம் ஆண்டின் சமுதாயஞ்சார் சீர்திருத்தச் சட்டம் சிறைக்கு மாற்று வழி காட்டுகின்றது. பின்னவர்களைத் தேடிப் பிடிப்பதிலேயே பொலிஸாரின் நேரம் செலவாக வேண்டும். பசியில் எடுத்தவரே என்பதற்காகக் கடைக்காரரின் இழப்பு இல்லாமற் போய்விடாது என்பதையும் மறுப்பதற்கில்லை. அவரும் கடன்பட்டே கடை நடத்துகின்றார்.

செய்யவேண்டியவை பெரிய செலவுக்குரியவை அல்ல. தமிழ் பேசுவோர் வாழும் பகுதிகளின் பொலிஸ் நிலையங்களில் தமிழில் முறைப்பாடு எழுதக்கூடிய உத்தியோகத்தர் எவ்வேளையிலும் இருத்தல் வேண்டும். முறைப்பாட்டின் இலக்கத்தை உடனே வழங்க வேண்டும். விசாரணையின் நிலையை அறியும் உரிமை குற்றத்தினால் பாதிக்கப்பட்டோருக்கு உண்டு. அந்த உரிமைகளுக்காகவே 2023 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கச் சட்டமும் இயற்றப்பட்டுள்ளது. அது ஏட்டோடு நின்றுவிடலாகாது. வர்த்தக சங்கங்களும் பொலிஸாருடன் ஒழுங்காகச் சந்திப்புகளை நடத்துவதோடு, தமது உறுப்பினர்கள் எவரையும் அடிக்காமல் ஒப்படைப்பதை உறுதிசெய்ய வேண்டும்.

சிறு கடைக்காரரின் முறைப்பாடு மரியாதையுடன் கேட்கப்படுவதும், அதில் சந்தேகிக்கப்படுபவர் உடலில் காயமின்றி நீதவான்முன் நிறுத்தப்படுவதும் ஒரே கடமையின் இரு பகுதிகளாகும். இவ்விரண்டும் நிறைவேறும் நாளிலேயே 'முறையிட்டு என்ன பயன்?' என்ற கேள்வி மறையும். அதுவரை, பொலிஸார் கடைக்களவைக் கவனத்திற் கொள்கின்றனர் என்று சொல்லப்படுவதை மக்கள் ஏற்கமாட்டார்கள் என்பதை உரியவர்கள் உணர்ந்துகொள்ள வேண்டும்.