நாற்றம் என்னும் சொல்லும் ஒரு பூனையும்

சங்க இலக்கியத்தை முதலாண்டு மாணவர்களுக்குக் கற்பிக்கும்போது ஆண்டுதோறும் வகுப்பில் ஒரு சிரிப்பலை எழும். 'நாற்றம்' என்னும் சொல் பழந்தமிழில் நறுமணத்தையே பெரிதும் குறித்தது என்று எங்களைப் போன்ற தமிழாசிரியர்கள் சொல்லும்போது எழுகிற சிரிப்பு அது. பூவுக்கும் சாந்துக்கும் உரியதாயிருந்த சொல், காலப்போக்கில் சாக்கடைக்கும் கழிப்பறைக்கும் உரியதாகச் சுருங்கிவிட்டது. மொழியியலார் இதனை இழிபொருட்பேறு என்பர். மாணவர்கள் குறித்துக்கொள்வார்கள், தேர்விலும் எழுதுவார்கள். ஒரு சொல் தாழ்வதைப் போலவே ஒரு வீட்டில் ஓர் உயிரும் தாழ்ந்துபோகக்கூடும் என்பதைச் சில ஆண்டுகளுக்கு முன்பு ஓர் ஆனி மாதத்தில்தான் நாங்கள் கற்றுக்கொண்டோம்.

சாம்பு என்பது எங்கள் வீட்டு ஆண்பூனையின் பெயர். சாம்பல் நிறம், ஏழு வயது. குட்டியாக வந்த நாள்முதல் கூடத்தின் மூலையில் இருந்த மணல்தட்டைத் தவிர வேறெங்கும் அது சிறுநீர் கழித்ததில்லை. அந்த ஆனியில் திடீரென்று புத்தக அலமாரியின் அடித்தட்டில் கழித்தது. மறுவாரம் இலவம்பஞ்சு மெத்தையில். பிறகு மீண்டும் அலமாரியில். அடித்தட்டில் இருந்தவை பழைய சிற்றிதழ்க் கட்டுகள். 1959இல் சி.சு. செல்லப்பா தொடங்கிய 'எழுத்து' இதழின் பதினொரு பிரதிகளும் அவற்றுள் அடக்கம். பழைய புத்தகக் கடைகளில் ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்த்தவை.

வீட்டில் நாற்றம் பரவினால் தமிழ்க் குடும்பம் செய்கிற அனைத்தையும் செய்தோம். பினாயில் ஊற்றிக் கழுவினோம். சாம்பிராணி போட்டோம். ஊதுவத்தியும் கற்பூரமும் ஏற்றினோம். கடையில் விற்கிற மல்லிகை மணத் தெளிப்பானை அடித்தோம். சில நாள்களில் வீட்டுக்குள் நுழைவோர் மூக்கில் மல்லிகையும் சாம்பிராணியும் பூனை மூத்திரமும் ஒருங்கே ஏறின. கோடை வெம்மையில் அந்த வாடை அடங்கியது போலிருந்தது. வென்றுவிட்டோம் என்று எண்ணினோம். ஐப்பசி அடைமழை தொடங்கிய மூன்றாம் நாள், ஒன்றுமே கழுவப்படாதது போல அது திரும்பி வந்தது.

எங்கள் கருத்து இதுதான்: மறைப்பதும் நீக்குவதும் ஒன்றல்ல. நாம் மறைப்பதில் தேர்ந்தவர்கள். தெருச்சுவரில் சிறுநீர் கழிப்பதைத் தடுக்கக் கழிப்பறை கட்டுவதற்கு மாறாகச் சாமிப் படம் ஒட்டுகிறவர்கள். புதுமனைப் புகுவிழாவில் பசுவின் சிறுநீரை வீடெங்கும் தெளித்துத் தூய்மை என்கிறோம்; பூனையினுடையதைக் கண்டால் தீட்டு என்கிறோம். மூக்கு வெறும் மூக்காக மட்டும் இயங்குவதில்லை. மறைத்தது மீண்டும் மீண்டும் வெளிப்படும்போது, காரணத்தை நீக்கும் பொறுமை நமக்கு இருப்பதில்லை, விலங்கையே நீக்கிவிடுகிறோம்.

எங்களுக்கும் அதுவே நேர்ந்தது. வீட்டு உரிமையாளர் மாடியேறி வந்து, மூக்கைச் சுளித்துக்கொண்டே, தை பிறப்பதற்குள் பூனை போகவேண்டும் அல்லது நீங்கள் போகவேண்டும் என்று மரியாதையாகத்தான் சொன்னார். கல்லூரியில் உடன் பணியாற்றும் நண்பர் வழக்கமான தீர்வைக் கூறினார்: சாக்கில் போட்டுக் கட்டி, ஆற்றுக்கு அக்கரையில் உள்ள மீன்சந்தையில் விட்டுவிடுங்கள், அங்கே அது பிழைத்துக்கொள்ளும். பிழைத்துக்கொள்ளாது என்பது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். ஏழாண்டுகள் கிண்ணத்தில் உண்ட பூனைக்குச் சந்தை நாய்களை எதிர்கொள்ளத் தெரியாது. பசியாலும் தாகத்தாலும் துன்புறும்படி ஒரு விலங்கைத் தக்க காரணமின்றிக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அதற்காக எவரும் தண்டிக்கப்பட்டதை நாங்கள் கேள்விப்பட்டதில்லை. ஆகவே சாக்கு எடுத்து வைத்தாயிற்று.

அன்றிரவு, கட்டிலில் படுத்திருந்த அம்மா கேட்டார்: "அதுக்கு மூத்திரம் அடங்கலைன்னு சந்தையில விடப்போறீங்க. நாளைக்கு எனக்கும் அடங்காமப் போனா எந்தச் சந்தைப்பா?"

அம்மாவுக்கு அப்போது எண்பத்திரண்டு வயது. யாரும் பதில் பேசவில்லை. மறுநாள் காலை அதே சாக்கைக் கூடைக்குள் விரித்து, சாம்புவை அதில் வைத்துக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனோம்.

மருத்துவர் அடிவயிற்றை அழுத்திப் பார்த்தார், சிறுநீரைச் சோதித்தார். அதில் குருதியும் படிகங்களும் இருந்தன. சிறுநீர்ப்பை அழற்சி. கழிக்கும்போது வலிப்பதால், வலியை அந்தத் தட்டோடு சேர்த்து நினைத்துக்கொண்டு வேறிடம் தேடுகிற பூனைகள் உண்டு என்றார். ஆண்பூனைக்குச் சிறுநீர்வழி மிகக் குறுகலானது. அது முழுதும் அடைபட்டுவிட்டால், முக்கி முக்கியும் ஒரு துளியும் வராத நிலையில், ஓரிரு நாள்களுக்குள் உயிரே போய்விடும். நாங்கள் சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்த மாதங்களில் அது அந்த விளிம்பில்தான் நடந்துகொண்டிருந்தது.

பிறகு அவர் கேட்ட கேள்விதான் எங்களைத் தலைகுனிய வைத்தது. "ஆனி மாசம் வீட்ல என்ன சார் மாத்துனீங்க?"

ஆனியில் புதிதாக ஒரு புத்தக அலமாரி வாங்கியிருந்தோம். இடம் போதாமல், மணல்தட்டு இருந்த மூலையில் அதை நிறுத்தினோம். தட்டைப் பின்கட்டில் தண்ணீர் மோட்டாருக்கு அருகே கொண்டுபோய் வைத்தோம். மோட்டார் போடும்போதெல்லாம் பூனை அலறியோடும், நாங்கள் சிரிப்போம். அதன்பின் அது தன் பழைய மூலைக்கே திரும்பிச் சென்றிருக்கிறது. அங்கே இப்போது 'எழுத்து' இருந்தது. அச்சமும் இடமாற்றமும்கூடப் பூனைக்கு இந்த அழற்சியைத் தூண்டக்கூடும் என்றார் மருத்துவர். ஏழாண்டுகளாகத் தனக்கென்றிருந்த இடத்தில்தான் சாம்பு சிறுநீர் கழித்தது. ஆக்கிரமித்தவர்கள் நாங்கள்.

நோய்க்கு மருந்தும், ஈரமான உணவும், வீட்டில் மூன்று இடங்களில் தண்ணீர்க் கிண்ணங்களும். தட்டுக்கு அமைதியான மூலை, நாள்தோறும் சுத்தம். ஒரு பூனைக்கு இரண்டு தட்டு, இரண்டிற்கு மூன்று என்பது கணக்கு. இவற்றைச் செய்தபின்னரே தரையைக் கழுவத் தொடங்கினோம். இந்த வரிசையை மாற்றினால் எவ்வளவு கழுவியும் பயனில்லை.

கழுவுவதிலும் நாங்கள் செய்தவை பெரும்பாலும் பிழைகளே. சிறுநீரிலுள்ள யூரியாவை நுண்ணுயிர்கள் அம்மோனியாவாகச் சிதைக்கின்றன. மூக்கைத் துளைக்கும் காரம் அதனுடையது. பூனைக்கு மேலும் ஒரு தனித்தன்மை உண்டு. அதன் சிறுநீரில் ஃபெலினின் என்னும் கந்தகம் கலந்த அமினோ அமிலம் இருக்கிறது. அது மெல்ல மெல்லச் சிதைந்து கந்தகச் சேர்மங்களை வெளிவிடுவதால்தான் நாள் செல்லச்செல்ல வாடை கூடுகிறது. அது உருவாவதில் பங்காற்றும் புரதத்தைப் பற்றி ஜப்பானிய ஆய்வாளர்கள் 2006இல் விரிவாக எழுதியுள்ளனர். கருத்தடை செய்யாத ஆண்பூனைகளில் இது மிகுதி. காய்ந்த எச்சம் தரைக்குள் தங்கியிருந்து, காற்றில் ஈரம் ஏறியதும் மீண்டும் மணக்கும். ஐப்பசியில் திரும்பி வந்ததன் மர்மம் இவ்வளவே.

பினாயில் இதில் எதையும் சிதைப்பதில்லை. மேலும் அது பூனைக்கு நஞ்சு. பினாயில் வகைப் பொருள்களை முறித்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. கழுவிய தரையில் நடந்து பாதத்தை நக்கினாலே போதும், தீங்குதான். பிளீச்சிங் பவுடரோ இன்னும் மோசம். சிறுநீரின் அம்மோனியாவோடு சேர்ந்து மூச்சைத் திணறடிக்கும் நச்சு வாயுவை உண்டாக்கும். வெளிநாட்டுக் குறிப்புகள் வினிகரைப் பரிந்துரைக்கின்றன. கம்பளம் விரித்த வீடுகளுக்கு அது பொருந்தலாம். சிவப்புச் சிமெண்டுத் தரையையும் மொசைக்கையும் பளிங்கையும் அமிலம் அரித்துவிடும். அரித்த தரை இன்னும் ஆழமாக உறிஞ்சும்.

எங்களுக்குப் பயன்பட்டவை இவை. புதிதாகக் கழித்த இடத்தைத் தேய்க்காமல், துணியால் ஒற்றி எடுப்பது. பழைய கறைகளை இரவில் விளக்கணைத்துவிட்டு, கள்ளநோட்டைக் கண்டறியப் பயன்படும் ஊதாக்கதிர் விளக்கின் ஒளியில் தேடுவது. நாங்கள் இரண்டு இடம் என்று நினைத்திருந்தோம், அவ்வொளியில் ஏழு இடங்கள் மங்கிய பச்சைமஞ்சளாகத் தெரிந்தன. அங்கிருந்த பினாயில் எச்சத்தை முதலில் நீரால் நன்கு போக்கிவிட்டு, வளர்ப்பு விலங்குகளுக்கான கடைகளில் கிடைக்கும் நொதிக் கழுவியைத் தாராளமாக ஊற்றி, ஈரத்துணியால் மூடிச் சில மணிநேரம் காயவிடாமல் வைப்பது. நொதி ஈரத்தில்தான் வேலை செய்யும். ஊற்றியவுடன் துடைத்தெடுத்தால் காசுக்குக் கேடு. சிறுநீர் எவ்வளவு ஆழம் இறங்கியதோ அவ்வளவு ஆழம் இதுவும் இறங்கவேண்டும். ஒரு முறையில் போகாது. நாங்கள் மூன்று முறை செய்தோம். சுவரின் அடிப்பகுதியில் ஊறியிருந்த சுண்ணாம்பைச் சுரண்டிப் புதிதாகப் பூசினோம். மெத்தையைப் பிரித்து, கறைபட்ட பஞ்சை நீக்கி, மீதியை நான்கு வெயிலில் காயவைத்து மறுபடி அடைத்தோம். எஞ்சிய மெல்லிய வாடைக்கு ஆப்பசோடாவைத் தூவி, மறுநாள் பெருக்கியெடுத்தோம்.

காகிதத்துக்கு மட்டும் வழியில்லை. பழைய காகிதத்தை நொதியில் ஊறவைக்க முடியாது. வெயிலில் வைத்தோம், ஆப்பசோடாவோடு பெட்டியிலிட்டு மூடி வைத்தோம். மூன்று மாதங்களுக்குப் பின்னும் பெட்டியைத் திறக்க முடியவில்லை. வேண்டிய கட்டுரைகளை ஒளிப்படி எடுத்துக்கொண்டு அந்தப் பதினொரு பிரதிகளையும் எரித்தோம். இதை வாசிக்கும் நண்பர்களில் சிலர் எங்களை மன்னிக்கமாட்டார்கள் என்பதை அறிவோம். ஓர் ஆய்வாளர் நேரிலேயே சொன்னார்: "பூனையை விட்டுவிட்டு எழுத்தைக் காப்பாற்றியிருக்கலாம்." அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பழைய இதழ்களைக் காக்கச் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் 1994 முதல் இருக்கிறது. சாம்புவைக் காக்க எங்களையன்றி எவரும் இல்லை. இதுவே நாங்கள் அவருக்குச் சொன்ன விடை.

இலக்கியம் படித்தவர்கள் பூனையை அறியாதவர்கள் அல்லர். பேரிலக்கியத்தைப் பாட முனைந்த கம்பன், அவையடக்கத்தில் தன்னைப் பாற்கடலை நக்கிக் குடிக்கப் புகுந்த பூனைக்குத்தான் ஒப்பிட்டுக்கொண்டான். அந்தப் பாடலை இருபது ஆண்டுகளாக நடத்துகிறோம். ஆனால், வீட்டுப் பூனை ஐந்து மாதங்களாகத் தன்னால் இயன்ற ஒரே மொழியில் வலியைச் சொல்லிக்கொண்டிருந்ததை, சொல்லாராய்ச்சியே தொழிலாகக் கொண்ட எங்களால் பொருள்கொள்ள முடியவில்லை. அதை நாற்றம் என்று மட்டும் படித்தோம்.

வளர்ப்பு விலங்கின் சிறுநீர் வாடையை அழுக்கு என்று கொள்வதற்குமுன் அறிகுறி என்று கொள்ளுங்கள். முதலில் மருத்துவர், பிறகு தட்டு, அதன்பின் தரை. சாம்பிராணி தேவையே இல்லை.

அடுத்த ஐப்பசியில் மழை தொடங்கியதும் நாங்கள் மூவரும் ஆளுக்கொரு மூலையில் மண்டியிட்டு முகர்ந்து பார்த்தோம். நனைந்த சுண்ணாம்பின் மணம் மட்டுமே இருந்தது. வீட்டு உரிமையாளரும் மாடிக்கு வந்து, சற்று நேரம் நின்றுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போனார். அலமாரி இப்போது பின்கட்டில், மோட்டாருக்கு அருகே இருக்கிறது. சத்தத்தைப் பற்றிப் புத்தகங்கள் இதுவரை முறையிடவில்லை.