அரசுத் தரப்பில் நின்றவர்



சட்டம் படிக்கப் போகிறேன் என்று வீட்டில் ஒரு பிள்ளை சொன்னால், ‘வக்கீலா, ஜட்ஜா?’ என்றுதான் கேட்கிறோம். அரசு வழக்கறிஞர் என்றொரு பணி இருப்பது யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. அந்தப் பணியிலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு தமிழரைப் பற்றி எழுத வேண்டும் என்று வெகுநாளாக ஆசை.

எஸ். ரத்தினவேல் பாண்டியன் 1929-இல் திருநெல்வேலி மாவட்டம் திருப்புடைமருதூரில் பிறந்தவர். நெல்லையில் வக்கீல் தொழில், கூடவே திமுக அரசியல். 1970-களின் தொடக்கத்தில் சென்னை உயர் நீதிமன்றத்தில் அரசு குற்றவியல் வழக்கறிஞர். 1974-இல் அங்கேயே நீதிபதி. 1988 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்.

அரசுக்காக வாதாடிப் பழகியவர் தீர்ப்பு எழுத உட்கார்ந்தால் போலீஸ் பக்கம் சாய்ந்துவிடமாட்டாரா? கேட்க வேண்டிய கேள்விதான். பதிலை அவர் எழுதிய தீர்ப்புகளில் தேடலாம்.

ஹரியானாவின் முன்னாள் முதல்வர் பஜன்லால் மீது ஊழல் புகார். முதல் தகவல் அறிக்கையை உயர் நீதிமன்றம் ரத்து செய்துவிட, வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. 1990 நவம்பரில் பாண்டியன் எழுதிய தீர்ப்பு இரு பக்கமும் கதவு வைத்தது. பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் புகாரில் தெரிந்தால் போலீஸ் அதைப் பதிவு செய்தே ஆக வேண்டும். தட்டிக் கழிக்க முடியாது. அதே சமயம், பழிவாங்கும் நோக்கில் போடப்பட்ட வழக்கு உள்ளிட்ட ஏழு வகைச் சூழல்களில் நீதிமன்றம் அதை ரத்து செய்யலாம். முதல் தகவல் அறிக்கை செல்லும் என்றவர், விசாரித்த இன்ஸ்பெக்டருக்கு முறையான அதிகாரம் இல்லை என்று கண்டு அந்த விசாரணையை ரத்து செய்தார். உண்மையான புகார் எங்கே அமுக்கப்படும், பொய் வழக்கு எங்கே ஜோடிக்கப்படும் என்பது வழக்குக் கட்டுகளைப் புரட்டிப் பழகிய கைக்குத் தெரியும். பொய் வழக்கில் சிக்கியவர்கள் இன்றும் நாடெங்கும் அந்த ஏழு வகைகளைக் காட்டித்தான் நிவாரணம் கேட்கிறார்கள்.

எல்லாத் தீர்ப்பிலும் நான் அவரோடு உடன்படவில்லை. பணி ஓய்வை ஒட்டி, 1994 மார்ச் 11 அன்று வந்த கர்தார் சிங் வழக்கின் தீர்ப்பில், போலீஸ் அதிகாரியிடம் தரும் வாக்குமூலத்தைச் சாட்சியமாக ஏற்ற, பயங்கரவாதத் தடுப்புக்கான தடா சட்டத்தின் பிரிவு செல்லும் என்றார். அமர்வில் இருந்த நீதிபதிகள் ராமசாமி, சகாய் இருவரும் அந்தப் பிரிவை ஏற்கவில்லை. என் மனம் அவர்கள் பக்கம். ஆனாலும் பாண்டியன் விதித்த கட்டுப்பாடுகளைப் படியுங்கள். கைதியின் மொழியிலேயே வாக்குமூலம் பதிவாக வேண்டும். தாமதமின்றி அவரை மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். அடித்தார்கள் என்று அவர் சொன்னால் மருத்துவப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். காவல் நிலையத்துக்குள் என்ன நடக்கக்கூடும் என்பதை அறிந்தவரின் எழுத்து அது.

அரசு வழக்கறிஞர் போலீஸின் வக்கீல் இல்லை. எப்படியாவது தண்டனை வாங்கித் தருவது அவர் வேலையில்லை என்று உச்ச நீதிமன்றமே 1999-இல் சொல்லியிருக்கிறது. குற்றம்சாட்டப்பட்டவருக்குச் சாதகமான ஆதாரம் இருந்தால் அதையும் நீதிமன்றத்தின் முன் வைக்க வேண்டியவர் அவர். தன் தரப்புக்குப் பாதகமானதையும் மறைக்காமல் சொல்லிப் பழகியவரைவிட நீதிபதி வேலைக்குத் தகுந்தவர் யார்? ஆட்சி மாறும்போதெல்லாம் அரசு வழக்கறிஞர்களும் மாறும் வழக்கம் இந்தப் பழக்கத்தை வேரூன்ற விடுவதில்லை என்பதுதான் என் வருத்தம்.

பிள்ளைகளுக்கு வழி திறந்தே இருக்கிறது. மாஜிஸ்திரேட் நீதிமன்றங்களில் வழக்கு நடத்தும் அரசு உதவி வழக்கு நடத்துநர்களை நம் மாநிலத்தில் டிஎன்பிஎஸ்சி தேர்வு செய்கிறது. அங்கிருந்து நீதிபதியாகவும் ஆகலாம். சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவர் வழக்கறிஞராக மாட்டார் என்று சொல்லி, ஹரியானாவில் மாவட்ட நீதிபதிகளாகத் தேர்வான அரசு வழக்கறிஞர்கள் சிலரின் நியமனம் ஒரு முறை ரத்தானது. 2013 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதைத் திருத்தியது: நீதிமன்றத்தில் நின்று வாதாடும்வரை அவரும் வழக்கறிஞரே, ஏழாண்டு அனுபவம் இருந்தால் மாவட்ட நீதிபதி பதவிக்கு நேரடியாக விண்ணப்பிக்கலாம்.

உங்கள் வீட்டில் சட்டம் படிக்கும் பிள்ளை இருந்தால், அருகிலுள்ள அமர்வு நீதிமன்றத்துக்கு ஒரு நாள் அழைத்துப் போங்கள். பொதுவாக விசாரணையை யாரும் உட்கார்ந்து பார்க்கலாம். அரசுத் தரப்பு சாட்சியை விசாரிப்பதைக் கவனிக்கச் சொல்லுங்கள். வாசகர்களில் அரசு வழக்கறிஞராக இருப்பவர்கள், இருந்தவர்கள் உங்கள் அனுபவத்தை எழுதி அனுப்புங்கள். வரும் இதழ்களில் அவற்றுக்கு இடம் ஒதுக்குகிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்