சத்யத்தைக் காட்டி ஆண்டறிக்கையை ஒதுக்கலாமா?

சத்யம் கம்ப்யூட்டர்ஸ் என்ற பெயர் வந்தாலே பங்குச் சந்தைப் பேச்சு ஒரே கேள்வியில் போய் நிற்கிறது: கணக்கே பொய்யாக இருக்கும்போது ஆண்டறிக்கையைப் படித்து என்ன ஆகப்போகிறது? 2009 ஜனவரி 7 அன்று அந்த மென்பொருள் நிறுவனத்தின் நிறுவனர் ராமலிங்க ராஜு எழுதிய கடிதம்தான் இந்தக் கேள்விக்குப் பலம். ரொக்கமாகவும் வங்கி இருப்பாகவும் காட்டிய 5,361 கோடி ரூபாயில் 5,040 கோடி இல்லவே இல்லை என்று அதில் அவரே ஒப்புக்கொண்டார். உலகப் பெயர்பெற்ற தணிக்கை நிறுவனம் கையெழுத்திட்ட கணக்கு அது. ஆகவே தணிக்கையாளரின் கையெழுத்தை மட்டும் நம்பிப் பணம் போடக்கூடாது என்பது வரை சரி. படிப்பதே வீண் என்பதைச் சத்யத்தின் கதையே மறுக்கிறது.

அந்தக் கடிதத்துக்கு மூன்று வாரம் முன்பு, 2008 டிசம்பர் 16 அன்று, ராஜு குடும்பத்தின் மேடாஸ் நிறுவனங்கள் இரண்டை 160 கோடி டாலருக்கு வாங்கப்போவதாகச் சத்யம் அறிவித்தது. பங்குதாரர்கள் கொதித்தெழுந்தார்கள், சில மணி நேரத்தில் திட்டம் கைவிடப்பட்டது. வங்கி இருப்பு பொய் என்று அன்றைக்கு அவர்களுக்குத் தெரியாது. மென்பொருள் நிறுவனத்தின் பணம் ஏன் முதலாளி வீட்டுக் கட்டுமானத் தொழிலுக்குப் போகிறது என்ற ஒரு கேள்வியே போதுமானதாக இருந்தது. நிறுவனர் குடும்பத்தின் பங்கு 2001இல் கால் பங்களவில் இருந்து 2008இல் பத்து சதவீதத்துக்கும் கீழே இறங்கியதும் பொதுவில் கிடைத்த தகவலே. மோசடியைக் கண்டுபிடிப்பது முதலீட்டாளர் வேலை அல்ல. விலகி நிற்கப் போதுமான காரணம் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அவர் வேலை. முதலாவதற்குப் புலனாய்வு வேண்டும், இரண்டாவதற்குப் பொறுமையான வாசிப்பு போதும்.

எல்லாச் செய்தியும் விலையில் ஏற்கெனவே அடங்கிவிடும், தனியே படிக்க என்ன இருக்கிறது என்பது அடுத்த வாதம். இதற்கு யெஸ் வங்கியே பதில். 2016 மார்ச் முடிவில் தன் மொத்த வாராக்கடன் 749 கோடி ரூபாய் என்றது அந்த வங்கி. ரிசர்வ் வங்கியின் மதிப்பீடோ 4,900 கோடியைத் தாண்டியது. அடுத்த ஆண்டு வங்கி சொன்னது 2,018 கோடி, ரிசர்வ் வங்கி கண்டது 8,373 கோடி. இரண்டு வேறுபாடுகளையும் 2017லேயே வங்கி வெளியிட்டாக வேண்டியிருந்தது, வெளியிட்டது. அப்படியிருந்தும் 2018 ஆகஸ்டில் பங்கு 400 ரூபாயை ஒட்டி விற்றது. வாராக்கடனைக் குறைத்துக் காட்டினால் அதற்கென ஒதுக்கும் தொகையும் குறையும், லாபம் பெருகும், விலை–லாப விகிதமும் மலிவாகத் தெரியும். இணையதளத்தில் அந்த ஒற்றை எண்ணைப் பார்த்து வாங்கியவருக்கு நோய்தான் ஆரோக்கியமாகத் தெரிந்திருக்கும். 2020 மார்ச் 5 அன்று கணக்கிலிருந்து எடுக்க 50,000 ரூபாய் வரம்பு விதிக்கப்பட்டபோது, அந்த எண்கள் வெளியாகி இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தன.

சாதாரண ஆளுக்கு முந்நூறு பக்கம் படிக்க நேரமேது என்பது நியாயமான கவலைதான். முழுவதையும் படிக்க வேண்டியதில்லை. ஐந்தாண்டு நிகர லாபத்துக்கு அருகே செயல்பாட்டில் வந்த ரொக்கத்தை வைத்துப் பாருங்கள். பில் போட்டதுமே விற்பனை லாபக் கணக்கில் ஏறிவிடும். பணம் வந்து சேர்ந்ததா என்பதை ரொக்க ஓட்ட அறிக்கைதான் சொல்லும். லாபம் ஏறிக்கொண்டே போக, ரொக்கம் தேங்கி, வாடிக்கையாளர் பாக்கி வீங்கினால், விளக்கம் கிடைக்கும் வரை வாங்காதீர்கள். ரொக்கத்தையே பொய்யாக எழுதினால்? சத்யத்தில் நடந்தது அதுதான். அதனால்தான் குழும நிறுவனங்களோடு நடந்த கொடுக்கல்வாங்கல், நிறுவனர் அடமானம் வைத்த பங்கு, தணிக்கையாளர் மாற்றம் ஆகியவற்றையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறேன். பங்கு எப்போது சரியும் என்பதை இந்த வாசிப்பு சொல்லாது. நல்ல நிறுவனத்தையும் அதிக விலைக்கு வாங்கினால் நஷ்டம் வரும். ஆனால் இந்தப் பக்கங்களைப் புரட்டாமல் வாங்கும் எவரும், பிறர் சொல்லை நம்பித் தம் சேமிப்பை ஒப்படைக்கிறார். வாங்க நினைக்கும் நிறுவனத்தின் ஆண்டறிக்கை இலவசமாகவே கிடைக்கிறது. பணம் போடும் முன் அதன் குறிப்புகள் பகுதியை ஒருமுறையாவது படியுங்கள்.