டைப்ரைட்டிங்குக்குச் சான்று தந்த அரசு டேட்டாபேஸுக்கும் தரட்டும்



கல்லூரித் தேர்வு முடிவுகள் வந்ததும் நம் பிள்ளைகள் எங்களிடம் வந்து கேட்பது இதைத்தான்: "அண்ணா, டேட்டாபேஸ் கோர்ஸ் படிச்சா வேலை கிடைக்கும்ங்கறாங்க. சர்டிஃபிகேட்டும் வாங்கணுமாம். பணம் கட்டலாமா?" கேட்பவர்கள் லால்குடி, மணப்பாறை, துறையூர் பக்கத்துச் சேரிகளிலிருந்து திருச்சிக்கு வந்து, ஆதிதிராவிடர் நல விடுதியில் தங்கி, பி.சி.ஏ.வோ பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸோ முடித்தவர்கள். வீட்டில் முதல் பட்டதாரிகள். தில்லைநகர் குறுக்குத் தெருக்களில் தொங்கும் பயிற்சி நிலையப் பலகைகளைப் பார்த்துவிட்டு, அப்பாவிடம் கடன் வாங்கச் சொல்லலாமா என்று தயங்கி நிற்பவர்கள். இந்தக் கேள்விக்கு ஆம், இல்லை என்று ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடியாது.

ரேஷன் கார்டு, வங்கிக் கணக்கு, கல்வி உதவித்தொகை, இ-சேவை மையத்தில் நாம் வாங்கும் சாதிச் சான்றிதழ் எல்லாமே இன்று ஏதோ ஒரு டேட்டாபேஸில் பதிவாகி இருக்கின்றன. அதற்கு பேக்கப் எடுப்பது, சர்வர் படுத்துவிட்டால் தகவலை மீட்பது, யார் எதைப் பார்க்கலாம், யார் எதைத் திருத்தலாம் என்று அனுமதி வகுப்பது ஆகியவை டேட்டாபேஸ் நிர்வாகியின் வேலை. ஒரு காலத்தில் கணக்குப்பிள்ளையின் கையில் இருந்த ஏடு இன்று இந்த நிர்வாகியின் கையில் இருக்கிறது. ஊரின் ஏடு யார் கையில் இருந்தது, அதில் நம் நிலம் எப்படிக் காணாமல் போனது என்பதெல்லாம் நமக்குத் தெரியும். அதனால் இந்த வேலையில் நம் பிள்ளைகள் இருப்பது சம்பளத்தோடு முடிந்துவிடும் விஷயம் இல்லை.

மென்பொருளைப் பொறுத்தவரை தடையே இல்லை. போஸ்ட்கிரெஸ் 1986-இல் அமெரிக்காவின் பெர்க்லியில், கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஆராய்ச்சி. போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற இன்றைய பெயர் 1996-இல் வந்தது. யாரும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம், திருத்தலாம், விற்கவும் செய்யலாம். மைஎஸ்கியூஎல் 1995-இல் சுவீடன் நாட்டில் பிறந்தது. 2008-இல் சன் நிறுவனம் அதை 100 கோடி டாலருக்கு வாங்கியது. 2010-இல் சன் நிறுவனத்தையே ஆரக்கிள் வாங்கிக்கொண்டது. ஆனாலும் அதன் இலவசப் பதிப்பு இன்றும் கிடைக்கிறது. ஆரக்கிள் கைக்குப் போகிறது என்று தெரிந்ததும் மைஎஸ்கியூஎல்லை உருவாக்கியவர்களில் ஒருவரான மைக்கேல் விடேனியஸ் 2009-இல் மரியாடிபி என்று தனியாகப் பிரித்துக்கொண்டு போனார். திறமூல மென்பொருளுக்கு முன்னுரிமை என்று ஒன்றிய அரசே 2015-இல் கொள்கை அறிவித்திருக்கிறது.

ஆக மென்பொருள் எல்லோருக்கும் பொது. 'இவருக்கு இது தெரியும்' என்று சொல்லும் முத்திரைதான் தனியார் கையில் இருக்கிறது. போஸ்ட்கிரெஸ்ஸை வளர்க்கும் சமூகம் தன் பெயரில் சான்றிதழ் எதுவும் தருவதில்லை. அதை வைத்துத் தொழில் செய்யும் நிறுவனங்கள்தான் தருகின்றன. மைஎஸ்கியூஎல் சான்றிதழ் ஆரக்கிளிடம் இருக்கிறது. வழக்கமாக ஒருமுறை எழுதவே பல ஆயிரம் ரூபாய் ஆகும். தமிழில் எழுத முடியாது. 2025-இல் மைஎஸ்கியூஎல்லின் 30-ஆம் ஆண்டை ஒட்டி ஆரக்கிள் சில மாதங்களுக்குப் பயிற்சியையும் தேர்வையும் இலவசமாக்கியது. நம் விடுதிகளில் எத்தனை பேருக்கு அந்தச் செய்தி உரிய நேரத்தில் எட்டியிருக்கும்?

கட்டற்ற மென்பொருள் இயக்கத்தில் உள்ள நண்பர்கள் சிலர், "சான்றிதழெல்லாம் வெறும் காகிதம், செய்த வேலையைக் காட்டினால் போதும்" என்கிறார்கள். அவர்கள் மீது நமக்கு மரியாதை உண்டு. ஆனால் சொந்த லேப்டாப், ஓயாத இணையம், பகுதிநேர வேலைக்குப் போகாமல் மாலைப் பொழுதை மிச்சம் பிடிக்க முடிகிற வீடு, ஆங்கிலத்தில் வாதாடும் தைரியம் இவையெல்லாம் இருப்பவருக்கு ஏற்ற யோசனை அது. நம் பிள்ளைக்கு இவற்றில் ஒன்று இருந்தாலே அதிகம்.

அதைவிட முக்கியம், ஐ.டி. கம்பெனிகளில் ஆள் எடுப்பது பெருமளவு ரெஃபரல் வழியாக நடக்கிறது. ஸ்ரீரங்கத்தின் உத்திர வீதியிலும் சித்திரை வீதியிலும் வீட்டுக்கு ஒருவராவது பெங்களூரிலோ அமெரிக்காவிலோ இருப்பதை ஊரே பெருமையாகச் சொல்லும். மூன்று நான்கு தலைமுறையாகப் படித்த குடும்பங்கள். அங்கே ஒரு பையன் படிப்பை முடித்தால் சித்தப்பாவோ அத்திம்பேரோ தன் கம்பெனியில் ஒரு வார்த்தை சொல்லிவைப்பார். அதை யாரும் சிபாரிசு என்று சொல்வதில்லை, 'தகுதி' என்றுதான் சொல்கிறார்கள். காவிரிப் பாலத்தைத் தாண்டி இந்தப் பக்கம் விடுதியில் இருக்கும் பிள்ளைக்கு அப்படிச் சொல்ல யார் இருக்கிறார்கள்? அவனுக்காகப் பேச ஒரு காகிதம்தான் இருக்கிறது. உள்ளே போன பிறகும் சாதி விடுவதில்லை. சிஸ்கோ நிறுவனத்தில் ஒரு தலித் பொறியாளர் சாதிப் பாகுபாட்டுக்கு ஆளானதாகக் கலிஃபோர்னிய மாநில அரசு அமைப்பே 2020-இல் வழக்குத் தொடுத்தது நினைவிருக்கும்.

திறமூல மென்பொருளைத் தமிழ்நாட்டு அரசுக்குள் கொண்டுவந்ததில் முன்னால் நின்றவர் நம்மில் ஒருவர் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். எல்காட் மேலாண்மை இயக்குநராக இருந்த உமாசங்கர் ஐ.ஏ.எஸ்., 2007 வாக்கில் அந்த நிறுவனத்தின் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றினார். அதே அதிகாரி 2010-இல் சாதிச் சான்றிதழ் போலி என்ற குற்றச்சாட்டில் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். எதிர்ப்பு கிளம்பிய பிறகு அதே ஆண்டில் அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. ஐ.ஏ.எஸ். ஆன பிறகும் நம் ஆளிடம் சான்றிதழைக் காட்டச் சொல்கிற நாடு இது. 'சான்றிதழ் எதற்கு' என்று அலட்சியமாகப் பேசும் வசதி நமக்குக் கிடையாது.

அதற்காகப் பணம் கட்டிப் பன்னாட்டு நிறுவனத்தின் முத்திரையை வாங்குங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. நம் மாநிலத்திலேயே ஒரு நல்ல முன்னுதாரணம் இருக்கிறது: டைப்ரைட்டிங் தேர்வு. லோயர், ஹையர் என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் தேர்வு. ரெமிங்டன் கம்பெனியா நம் அக்காக்களுக்குச் சான்றிதழ் கொடுத்தது? மெஷின் யாருடையதாக இருந்தாலும் முத்திரை அரசுடையது. ஆங்கில லோயருக்கு நிமிடத்துக்கு 30 சொல், ஹையருக்கு 45 சொல். அடித்துக் காட்டினால் பாஸ். அப்பா யார், எந்தத் தெரு என்று தாளைத் திருத்துபவருக்குத் தெரியாது. சின்ன ஊர் இன்ஸ்டிடியூட்டில் கற்று, இந்தக் காகிதத்தோடு அரசு அலுவலகத்துக்குள் முதன்முதலாக நுழைந்த பெண்கள் நம் குடும்பங்களில் எத்தனை பேர்! அதே இயக்ககம் பிறகு ஆபீஸ் ஆட்டோமேஷன் என்ற கணினிச் சான்றிதழ்த் தேர்வையும் கொண்டுவந்தது. அடுத்த படியாக டேட்டாபேஸ் தேர்வைக் கேட்பதில் என்ன தவறு?

எனவே எங்கள் கோரிக்கைகள் இவை.

ஒன்று: போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல் இரண்டுக்கும் லோயர், ஹையர் போல இரண்டு நிலைகளில் அரசே தேர்வு நடத்த வேண்டும். கேள்வித்தாள் தமிழிலும் இருக்க வேண்டும்.

இரண்டு: அது சரியான விடைக்கு டிக் அடிக்கும் தேர்வாக இருக்கக் கூடாது. அப்படிப்பட்ட தேர்வுகளின் கேள்விகளை மொத்தமாக விற்கிற கடைகள் ஏற்கெனவே இருக்கின்றன. பழுதான ஒரு சர்வரைக் கொடுத்து, பேக்கப்பிலிருந்து மீட்டுக் காட்டச் சொல்ல வேண்டும். ரெட் ஹேட் நிறுவனத்தின் லினக்ஸ் தேர்வுகள் இப்படிச் செய்முறையாகத்தான் நடக்கின்றன.

மூன்று: திருச்சிக்கான தேர்வு மையம் சேதுராப்பட்டியில், 2013-இல் தொடங்கிய ஸ்ரீரங்கம் அரசு பொறியியல் கல்லூரியில் அமையட்டும். தனியார் மையத்தைத் தேட வேண்டியதில்லை.

நான்கு: பட்டியலின, பழங்குடி மாணவர்களுக்குத் தேர்வுக் கட்டணத்தைத் தாட்கோ ஏற்க வேண்டும். 2022-இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில் இந்தப் பயிற்சி சேர வேண்டும். ஒவ்வொரு ஆதிதிராவிடர் நல விடுதியிலும் பழகிப் பார்க்க ஒரு சர்வராவது வேண்டும்.

ஐந்து: அரசுத் துறைகளும் அவற்றுக்கு வேலை செய்யும் ஒப்பந்த நிறுவனங்களும் டேட்டாபேஸ் பணிக்கு ஆள் எடுக்கும்போது இந்தச் சான்றிதழை ஏற்க வேண்டும். இல்லையென்றால் இதுவும் பீரோவில் தூங்கும் இன்னொரு காகிதம்தான்.

இவை நடக்கும்வரை பிள்ளைகளுக்கு எங்கள் பதில்: கடன் வாங்கிப் பணம் கட்டாதீர்கள். கணியம் வெளியிட்ட 'எளிய தமிழில் மைஎஸ்கியூஎல்' இலவசமாகக் கிடைக்கிறது. ஐ.ஐ.டி. பம்பாயின் ஸ்போக்கன் டுட்டோரியல் திறமூல மென்பொருட்களைத் தமிழிலும் சொல்லித்தருகிறது. பழைய லேப்டாப் ஒன்று கிடைத்தாலும் போஸ்ட்கிரெஸ்ஸை நிறுவுங்கள். பேக்கப் எடுத்துவிட்டு, நீங்களே அழித்து, நீங்களே மீட்டுப் பாருங்கள். அறையில் நால்வர் சேர்ந்து செய்யுங்கள். இத்தனைக்கும் பிறகு தனியார் தேர்வு எழுதத்தான் வேண்டும் என்றால், கட்டணச் சலுகை எப்போது வருகிறது என்று விசாரித்து எழுதுங்கள்.

திங்கள்கிழமைகளில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் இந்த ஐந்து கோரிக்கைகளையும் மனுவாகக் கொடுக்கப் போகிறோம். விடுதி மாணவர்களின் கையெழுத்து எவ்வளவு சேர்கிறதோ அவ்வளவு நல்லது. ஒரு வெள்ளைத்தாளில் பெயர், விடுதி, படிப்பு எழுதிக் கையெழுத்திட்டுத் தாருங்கள்.

ஜெய்பீம்!